செட்டிபாளையத்தில் இருந்து அமெரிக்கா வரை... யோகா போன பாதை

யோகா என்றாலே பாய் விரித்து உடம்பை வளைப்பது என்றுதான் இன்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் சொல்லும் யோகத்துக்கு எட்டு உறுப்புகள். இயமம், நியமம் இரண்டும் முதலில். ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது. பதஞ்சலி சொல்வதும் இதே வரிசைதான்.

மேலை நாட்டுக்கு முதலில் போனதும் ஆசனம் அல்ல. 1893ல் சிகாகோ சென்ற விவேகானந்தர் அங்கே போதித்தது மனதை அடக்கும் ராஜயோகத்தை. மைசூரில் கிருஷ்ணமாச்சாரியாரிடம் படித்த இந்திரா தேவி என்ற ஐரோப்பியப் பெண்மணி 1947ல் ஹாலிவுட்டில் வகுப்பு ஆரம்பித்தார். நடிகைகள் வந்து சேர, அழகுக்கும் இளமைக்கும் யோகா என்ற எண்ணம் அங்கே பரவியது.

இந்தக் கதையில் கொங்கு நாட்டுக்காரர் ஒருவருக்கும் பெரிய பங்கு உண்டு. கோவை அருகே செட்டிபாளையத்தில் 1914ல் பிறந்த ராமசாமி கவுண்டர். விவசாயம் படித்தவர், குடும்பத்தின் மோட்டார் தொழிலைப் பார்த்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனார். மனைவி இறந்த பிறகு ஆன்மீகத்தில் இறங்கினார். 1949ல் ரிஷிகேஷில் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று சச்சிதானந்தர் ஆனார். (அந்த சிவானந்தரும் நம்ம பத்தமடைக்காரர்தான், மலேயாவில் டாக்டராக இருந்தவர்!) 1953 முதல் இலங்கையில் பணி. 1966ல் பீட்டர் மேக்ஸ் என்ற ஓவியரின் அழைப்பில் நியூயார்க் போனார். சில நாட்கள் தங்கப் போனவருக்கு அதுவே ஊராகிப் போனது.

வியட்நாம் போர், போதைப்பொருள் என்று அமெரிக்க இளைஞர்கள் தடுமாறிக் கொண்டிருந்த காலம் அது. 1969 ஆகஸ்ட் 15 அன்று உட்ஸ்டாக் இசைவிழா தொடங்கியது. சாலைகள் எல்லாம் அடைத்துக் கொண்டதால் சுவாமியை ஹெலிகாப்டரில் கொண்டு வந்து இறக்கினார்கள். லட்சக்கணக்கான கூட்டத்தின் முன் காவி உடையில் அமர்ந்து பேசினார், மந்திரம் சொல்ல வைத்தார்.

உட்ஸ்டாக்கை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அவருடைய சீடர் டீன் ஆர்னிஷ் ஓர் இதய மருத்துவ ஆய்வாளர். கொழுப்பு மிகக் குறைந்த சைவச் சாப்பாடு, நடைப்பயிற்சி, யோகா, தியானம் இவற்றைச் சேர்த்து அவர் செய்த ஆய்வு 1990ல் லான்செட் இதழில் வெளிவந்தது. இப்படி வாழ்ந்தவர்களுக்கு ஒரே வருடத்தில் இதய ரத்தக் குழாய் அடைப்பு சற்றுக் குறைந்திருந்தது. மொத்தமே 48 நோயாளிகள்தான். யோகா மட்டும்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அழகுக்கு என்று இருந்த யோகா ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது இப்படித்தான்.

2002 ஆகஸ்டில் சென்னையில் காலமான சச்சிதானந்தரின் சமாதி, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அவர் உருவாக்கிய யோகாவில்லில் இருக்கிறது. அந்த இடத்துக்கு வைத்திருக்கும் பெயர் சிதம்பரம். எல்லா மதத்துக்கும் பொதுவாக அங்கே 1986ல் அவர் கட்டிய தாமரை வடிவ ஆலயத்தைப் போலவே செட்டிபாளையத்திலும் ஒன்று எழுந்திருக்கிறது. தாராபுரத்தில் இருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான்.