திண்டுக்கல் பூட்டும் ரிமோட் சாவியும்

போன மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை, தல்லாகுளம் பெருமாளைச் சேவித்துவிட்டு வீடு திரும்பினேன். வாசலில் நின்ற காரின் கதவைச் சும்மா இழுத்துப் பார்த்தால், திறந்துகொண்டது. முந்தின ராத்திரி நானே ரிமோட்டை அழுத்திவிட்டுத்தான் உள்ளே போயிருந்தேன். பொருள் எதுவும் போகவில்லை. ஆனாலும் கார் துடைக்க வருகிற பையனிடம், "நேத்து சாவியை வாங்குனியே, ஏதாச்சும் செஞ்சியாப்பா?" என்று கேட்டுவிட்டேன். "இல்ல சார்" என்று மட்டும் சொன்னான். அடுத்த வாரம் அவன் வரவில்லை.

அந்த உறுத்தலில்தான் இந்தச் சாவியின் பூர்வீகத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நம் பக்கத்தில் பூட்டு என்றால் திண்டுக்கல்தான். மதுரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். 2019இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. எங்கள் வீட்டு அரிசி அறைக்கு ஒரு மாங்காய்ப் பூட்டு இருந்தது. உள்ளே நெம்புகோல் தகடுகள். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். சாவியின் வடிவம்தான் அதன் ரகசியம். பல் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். பூட்டிய பிறகு இழுத்துப் பார்ப்பது எங்கள் அப்பா தலைமுறையின் பழக்கம்.

காருக்கும் வெகுகாலம் அதே உலோகச் சாவிதான். அம்பாசிடர், பத்மினி எல்லாம் அப்படித்தான். 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800ஐ வாங்கிய டெல்லிக்காரர் ஹர்பால் சிங்கிடம் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்ததும் அப்படி ஒரு சாவியைத்தான்.

தொலைவில் இருந்தே ஒன்றை இயக்கும் வித்தை அதைவிடப் பழையது. கல்கத்தா டவுன் ஹாலில் 1895இல் ஜகதீஷ் சந்திர போஸ், சுவர்களைத் தாண்டி மின்காந்த அலையை அனுப்பி மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். 1898இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகைக் கம்பி இல்லாமல் ஓட்டிக் காட்டினார்.

இது கார் கதவுக்கு வர 80 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1982இல் பிரான்சின் ரெனோ நிறுவனம் ஃபுயெகோ என்ற காரில் ரிமோட் பூட்டைக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் பால் லிப்ஷுட்ஸ். அவர் பெயரை ஒட்டிப் பிரெஞ்சுக்காரர்கள் அதை 'பிளிப்' என்றே சொல்கிறார்கள். அது அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்தது. நம் டிவி ரிமோட் மாதிரி, நேராக நீட்டினால்தான் கேட்கும்.

பிறகு ரேடியோ அலை வந்தது. ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ். நீட்ட வேண்டிய அவசியம் போயிற்று, வேறு தொல்லை வந்தது. ஆரம்பகால ரிமோட்டுகள் ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணைத்தான் அனுப்பின. பக்கத்தில் நின்று அதைப் பதிவுசெய்து திருப்பி அனுப்பினால் கதவு திறந்துவிடும். இதற்கு மாற்றாகத்தான் அழுத்தும்போதெல்லாம் எண் மாறும் முறை வந்தது. அதில் பெயர் பெற்ற கீலாக், தென்னாப்பிரிக்காவில் 1980களில் உருவானது. 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் அதை வாங்கியது.

இந்த முறையில் சாவியும் காரும் தனித்தனியே கணக்கு வைத்திருக்கின்றன. பேத்தி வீட்டுக்குள் ரிமோட்டை வைத்து விளையாடினால் சாவியின் கணக்கு மட்டும் முன்னால் ஓடும். கீலாக்கில் வழக்கமாக 16 அழுத்தம் வரை கார் பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால், அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால்தான் மறுபடி சேரும். "ரெண்டு தடவை அமுக்குனா வேலை செய்யுது" என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு வரிசையாகச் சோதித்தேன். பீரோவில் இருந்த இரண்டாவது சாவியை அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் பூட்டியது. ஆகவே காரில் குறை இல்லை, கோளாறு முதல் சாவியில்தான். அதற்குப் புது பட்டன் செல் போட்டேன். சிஆர்2032, 3 வோல்ட். இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது, மூன்றாம் நாள் மறுபடி ஊமை. கடையில் கேட்டால் முழு ரிமோட்டையே மாற்றச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். செல்லைப் பிடிக்கும் தகட்டின் ஒரு காலில், ஈயப்பற்றைச் சுற்றி மயிரிழை போல விரிசல். அழுத்தும் கோணத்தைப் பொறுத்து மின்சாரம் வரும், வராது. செல் மாற்றியபோது தகடு கொஞ்சம் அழுந்தியதால்தான் அந்த இரண்டு நாள் நிம்மதி. மொபைல் ரிப்பேர் செய்கிற தம்பி ஐந்து நிமிடத்தில் சால்டர் வைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு தடவைகூடத் தவறவில்லை.

விரிசல் வந்ததற்கும் காரணம் இருந்தது. ஐப்பசி மழையில் குடையும் பையுமாக இறங்கும்போது சாவியைச் சிமெண்டுத் தரையில் போட்டவன் நான்தான். ராத்திரி அழுத்திவிட்டு, இண்டிகேட்டர் மின்னுகிறதா என்று திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனவனும் நான்தான்.

பையன் வீட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனேன். "சாவியிலதான் கோளாறு தம்பி, உன்னைக் கேட்டது என் தப்பு" என்றேன். அவன் அம்மாதான், "வயசானவங்க, இதுக்காக வரணுமா சார்?" என்றார். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து காரைத் துடைத்தான். ஆனால் உள்ளே துடைக்கச் சாவியைக் கேட்கவில்லை. நானே கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன்.

உங்கள் பழைய காரின் ரிமோட் அடம்பிடித்தால், முதலில் இரண்டாவது சாவியை அழுத்திப் பாருங்கள். செல்லையும் அதைப் பிடித்திருக்கும் தகட்டையும் பிறகு பாருங்கள். யாரையும் கேட்பதற்கு முன்னால் இவற்றைப் பார்த்துவிடுங்கள். நான் இப்போது ரிமோட்டை அழுத்திய பிறகு, அப்பா மாதிரியே கதவை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.