மகளிர் கால்பந்தும் மறுக்கப்பட்ட ஆடுகளமும்

மகளிர் கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம், "நன்றாகத்தான் ஆடுகிறார்கள், ஆனால் பார்ப்பதற்கு ஆள் வர வேண்டுமே!" என்றொரு சொல் தவறாமல் வந்து விழுகிறது. நாம் வாழும் இக் கொல்கத்தா மாநகரில் அச்சொல்லுக்கு வலிமை மிகுதி. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் நாளில் சால்ட் லேக் மைதானத்தை நோக்கிச் செல்லும் மக்கள் வெள்ளத்தை நாம் அறிவோம். அதே ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் மகளிர் அணி 2024–25ஆம் ஆண்டின் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்று வந்தது. நாம் குடியிருக்கும் தெருவில் அன்று ஒரு பட்டாசும் வெடிக்கவில்லை.

மக்களுக்கு விருப்பமில்லை, ஆகவே மகளிர் ஆட்டம் தாழ்ந்து கிடக்கிறது என்பதே அச்சொல்லின் உட்கிடக்கை. வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவர்க்கோ வேறொரு செய்தி கிடைக்கிறது. கால்பந்து சட்டதிட்டங்கள் பெற்று வளர்ந்த இங்கிலாந்து நாட்டிலேயே, மக்கள் திரள்திரளாக வந்து கொண்டிருந்த வேளையில்தான் மகளிர் ஆடுகளத்தினின்றும் வெளியேற்றப்பட்டனர். அக்கதையைச் சற்று விரிவாகக் காண்பது நம் இல்லங்களில் பெண்மக்கள் வளர்ந்துவரும் இக்காலத்தில் பயனுடைத்து.

மகளிர் பந்தாடுதல் தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கந்துக வரி என ஒரு பகுதியே உண்டு என்று நண்பர் சிலர் இவ்விடத்தில் நினைவூட்டக்கூடும். உண்மையே. ஆயினும் அது கையால் அடித்தாடும் பந்து. அணிவகுத்து மோதி வெற்றி தோல்வி காணும் ஆட்டமன்று. அதனைக் காட்டிப் பெருமை பேசுவதில் நமக்கு உடன்பாடில்லை.

இங்கிலாந்தில் மகளிர் கழகம் அமைத்து ஆடிய முதன்மையானவர்களுள் நெட்டி ஹனிபால் என்னும் பெயரால் அறியப்பட்ட பெண்மணி குறிப்பிடத்தக்கவர். அவருடைய கழகம் 1895ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் வடலண்டனில் உள்ள கிரவுச் எண்ட் என்னுமிடத்தில் ஆடியபோது பதினாயிரம் பேருக்குக் குறையாமல் கூடினர். மறுநாள் செய்தித்தாள்கள் ஆட்டத்தைவிட ஆடினோர் அணிந்திருந்த உடையைப் பற்றியே மிகுதியும் எழுதின. பந்து எங்கே சென்றது என்பதறிய அச்செய்திகளைப் படிப்பவர் ஏமாந்தே போவர்.

இருபது ஆண்டுகள் கழிந்தன. முதல் உலகப் போர் மூண்டது. ஆடவர் போர்க்களம் செல்ல, வெடிமருந்துத் தொழிற்சாலைகளிலும் எந்திரப் பட்டறைகளிலும் பெண்கள் வேலைக்கு அமர்ந்தனர். லங்காஷயர் பகுதியில் பிரஸ்டன் என்னும் நகரம்; அங்கு டிக் கெர் என்னும் தொழிற்சாலை. 1917ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அத்தொழிற்சாலையின் ஆண் தொழிலாளர் அணி தொடர்ந்து தோற்றுவருவதைக் கண்டு பெண்கள் கேலி பேச, "நீங்கள் ஆடிக்காட்டுங்கள் பார்க்கலாம்" என அவர்கள் அறைகூவ, கிரேஸ் சிபர்ட் என்பார் தலைமையில் பெண்கள் களமிறங்கினர் என்பர். அந்த ஆட்டத்தை அலுவலகச் சன்னல் வழியே கண்டு, இதில் ஏதோ இருக்கிறது என உணர்ந்து அணியைச் சீர்ப்படுத்தியவர் ஆல்பிரட் பிராங்க்லண்ட். அவர் முதலாளியல்லர், விளையாட்டு வீரருமல்லர். நம்மைப் போன்றோர் அலுவலக எழுத்தர்! எழுத்தர் இனத்துக்கு உலக வரலாற்றில் இடங்கிடைப்பது அரிது என்பதால் இதனை அடிக்கோடிட்டுச் சொல்கிறோம்.

அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளன்று பிரஸ்டன் நகரின் டீப்டேல் மைதானத்தில் காயமுற்ற போர்வீரர்களின் மருத்துவமனைக்கு நிதி திரட்ட ஓர் ஆட்டம் நடைபெற்றது. பதினாயிரம் பேர் வந்தனர். டிக் கெர் மகளிர் 4–0 என வென்றனர். அதன்பின் அவ்வணிக்கு ஓய்வேயில்லை. பகலில் தொழிற்சாலை வேலை, மாலையிலும் விடுமுறையிலும் ஆட்டம். பயணத்துக்கும் இழந்த வேலை நேரத்துக்கும் ஈடாக ஆட்டத்துக்குப் பத்து ஷில்லிங் அளிக்கப்பட்டது. 1920ஆம் ஆண்டில் ஆலிஸ் மிலியா அம்மையார் பிரெஞ்சு நாட்டு மகளிர் அணியை அழைத்து வந்தார். டீப்டேலில் நடந்த முதல் ஆட்டத்துக்கு இருபத்தையாயிரம் பேர் கூடினர்.

அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாளை மட்டும் நின்று நோக்க வேண்டும். லிவர்ப்பூல் நகரின் கூடிசன் பார்க் மைதானம். எதிரணி செயின்ட் ஹெலன்ஸ் மகளிர். உள்ளே வந்தோர் 53,000 பேர். இடமின்றி வெளியே நின்று திரும்பியோர் மேலும் பல்லாயிரவர். டிக் கெர் அணியின் முன்னணி வீராங்கனை ஃபிளாரி ரெட்ஃபர்ட் இரயிலைத் தவறவிட்டு வந்து சேரவில்லை. ஆட்டத்தின் பிற்பகுதியில் தடுப்பாட்டக்காரரான அணித்தலைவி ஆலிஸ் கெல் தாமே முன்னணிக்குச் சென்று மூன்று கோல்கள் போட்டார். முடிவு 4–0. திரண்ட நிதி 3,115 பவுன். அக்காலத்து மதிப்பில் இது பெருஞ்செல்வம்.

ஆடவர் போருக்குப் போயிருந்தமையால் வேறு பொழுதுபோக்கின்றி மக்கள் வந்தனர் என்று இதற்குச் சமாதானம் கூறுவாருண்டு. அது பொருந்தாது. போரினால் 1915இல் நிறுத்தப்பட்ட ஆடவர் லீக் ஆட்டங்கள் 1919இலேயே மீண்டும் தொடங்கிவிட்டன. ஆடவர் ஆட்டம் முழுவீச்சில் நடந்த பருவத்தில்தான் அந்த 53,000 பேர் மகளிர் ஆட்டத்துக்குக் காசு கொடுத்து வந்தனர்.

ஓராண்டு நிறைவதற்குள், 1921 டிசம்பர் 5ஆம் நாள், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அலுவலகக் கோப்புகளோடு இருபதாண்டுகளுக்கு மேல் பழகிய நமக்கு அத்தீர்மானத்தின் வாசக அமைப்பு நன்கு பழக்கமானது. பெண்கள் கால்பந்தாடுவது குறித்துப் புகார்கள் வந்துள்ளன என்று அது தொடங்குகிறது. புகார் அளித்தவர் யார் என்ற குறிப்பில்லை. இவ்வாட்டம் பெண்களுக்குச் சற்றும் பொருந்தாதது, ஊக்குவிக்கத் தக்கதன்று என்பது முதற் காரணம். திரண்ட பணத்தில் பெரும்பகுதி செலவினங்களுக்கே போகிறது, அறப்பணிக்குப் போதிய அளவு சேரவில்லை என்பது இரண்டாம் காரணம். ஆகவே சங்கத்தைச் சேர்ந்த கழகங்கள் தத்தம் மைதானங்களை இவ்வாட்டங்களுக்குத் தர மறுக்குமாறு 'கேட்டுக்கொள்ளப்படுகின்றன'.

கேட்டுக்கொள்ளுதல் என்பதன் பொருள் அரசுப் பணியாளர் எவருக்கும் விளங்கும். மற்றொன்றும் விளங்கும். பொருந்தாத ஆட்டம் என்பதே உண்மைக் காரணமாயின், கணக்கைப் பற்றிய இரண்டாம் காரணம் எதற்கு? கணக்குத்தான் குற்றமென்றால் தணிக்கையாளரை அனுப்பியிருக்கலாமே; ஆட்டத்தை ஏன் நிறுத்த வேண்டும்? ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு காரணங்கள் ஒரே குறிப்பில் வந்தால், எழுதப்படாத மூன்றாவது ஒன்று உண்டென ஐயுறுவது நம் தொழிற்பழக்கம். மகளிர் திரட்டிய பணம் ஆடவர் கழகங்களின் கைக்கு எட்டாமற் போனதே அதுவென்பர் சிலர். 1921இல் வேலையிழந்து வாடிய சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்காக மகளிர் அணிகள் ஆடியமை மேலோருக்குக் கசந்தது என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மையிருத்தல் கூடும்.

இவ்விடத்தில் தமிழர்க்கு நெருங்கிய ஒருவர் கதைக்குள் வருகிறார். பெண்ணுடலின் அமைப்புக்கு இவ்வாட்டம் மிகையானது, மிகவும் பொருந்தாதது என்று அப்போது கருத்துரைத்த மருத்துவருள் ஒருவர் மேரி ஷார்லிப் அம்மையார். சென்னையில் வழக்கறிஞராகத் தொழில் நடத்திய கணவரோடு அந்நகரில் வாழ்ந்தவர். பேற்றுக்காலத்தில் ஆண் மருத்துவரை நாட இயலாது மாண்ட நம் நாட்டுப் பெண்களின் துயர் கண்டு மருத்துவம் பயில விழைந்தவர். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட பெண்கள் நால்வருள் இவரும் ஒருவர். பின்னர் லண்டன் சென்று மேற்பட்டம் பெற்று மீண்டு வந்து, 1885இல் மகளிருக்கென ஒரு மருத்துவமனை கண்டார். அதுவே திருவல்லிக்கேணியில் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று நம் பாட்டிமார் வழங்கியதும், பின்னாளில் கஸ்தூரிபா காந்தி பெயர் தாங்கியதுமான மருத்துவமனை. இக்கட்டுரையைப் படிப்போருள் அங்குப் பிறந்தவர் இல்லாமற் போகார்.

அத்தகைய பெருமாட்டி, பெண்ணுடல் மருத்துவக் கல்வியின் கடுமையைத் தாங்காது எனக் கற்றறிந்த மருத்துவர்களே மொழிந்த காலத்தில் அக்கூற்றைத் தம் வாழ்வால் பொய்யாக்கியவர், எழுபத்தாறாம் அகவையில் தொழிற்சாலைப் பெண்களின் ஆட்டத்தைக் குறித்து அதே போன்றதொரு தீர்ப்பை வழங்கினார்! அவரைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவருக்குத் தமிழகம் பட்ட கடன் பெரிது. பெண்களின் விளையாட்டுக்கு எதிர்ப்பு ஆடவரிடமிருந்து மட்டுமே வந்தது என்று எண்ணுவோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

தீர்மானம் வந்த சில நாள்களிலேயே பிளாக்பர்ன் நகரில் மகளிர் கழகங்கள் கூடித் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்தன. அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. டிக் கெர் மகளிர் 1922இல் அமெரிக்கா சென்று ஆடவர் அணிகளோடு ஒன்பது ஆட்டங்கள் ஆடி, மூன்றில் வென்று, மூன்றில் தோற்று, மூன்றில் சமநிலை கண்டு திரும்பினர். தாயகத்தில் பூங்காத் திடல்களும் ரக்பி மைதானங்களுமே அவர்களுக்குக் கிட்டின. ஆயினும் அவ்வணி பெயர் மாறி 1965 வரை ஆடியது. பதினான்கு வயதில் அதில் சேர்ந்த லில்லி பார் 1951 வரை ஆடினார். அவர் வயிறு வளர்த்ததோ மனநோய் மருத்துவமனையொன்றில் செவிலியராகப் பணிபுரிந்துதான்.

தடை இங்கிலாந்தோடு நிற்கவில்லை. பிரேசில் 1941இல் ஆணையிட்டுத் தடுத்தது, 1979இல்தான் நீக்கியது. மேற்கு ஜெர்மனியின் தடை 1955 முதல் 1970 வரை. இங்கிலாந்தில் 1970–71இல் ஆடுகளக் கதவு திறந்தது.

இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகள் எத்தகையவை என்பதை ஊன்றி நோக்க வேண்டும். 1927இல் ஆட்ட வருணனை வானொலியில் ஏறியது. 1930இல் உலகக் கோப்பை பிறந்தது. பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. தந்தை மகனைத் தோளில் ஏற்றி மைதானத்துக்கு அழைத்துச் செல்வது குடும்ப மரபாயிற்று. பயிற்சியாளர், நடுவர், இளையோர் அணி, விளம்பரப் பணம் என ஆடவர் ஆட்டம் இன்று பெற்றிருக்கும் சிறப்புகள் யாவும் அந்த ஐம்பதாண்டுகளில் விளைந்த விளைச்சல். அக்காலமெல்லாம் மகளிர் நிலம் தரிசாக்கப்பட்டுக் கிடந்தது. தரிசாக்கியவரே பின்னர் வந்து, இந்நிலத்தில் விளைச்சல் குறைவு என்று கூறுவது முறையோ?

கதவு திறந்தபின் கூட்டம் உடனே வந்துவிடவில்லை. ஆயினும் 1971இல் மெக்சிகோவில் அதிகாரப்பூர்வமற்ற உலகப் போட்டியொன்றின் இறுதியாட்டத்தைக் காண ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கூடினர். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு தானே நடத்திய முதல் மகளிர் உலகக் கோப்பை 1991இல்தான் சீனாவில் வந்தது. அதிலும் ஆட்டத்துக்கு எண்பது நிமிடமே! இங்கிலாந்தின் மகளிர் கோப்பை இறுதியாட்டத்துக்கு 2022இல் வெம்பிளி மைதானத்தில் 49,094 பேர் வந்தனர். அது 1920இன் எண்ணிக்கைக்குக் குறைவு. மறு ஆண்டில் 77,390 பேர் வந்தனர். 2025இல் எவர்ட்டன் கழகத்தின் ஆடவர் அணி புதிய மைதானத்துக்குக் குடிபெயர, பழைய கூடிசன் பார்க் அக்கழகத்தின் மகளிர் அணிக்கே உரியதாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கு அத்தகைய தீர்மானம் தேவைப்படவில்லை, பாராமுகமே போதுமானதாயிற்று. 1975இல் மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு ஒன்று, ஆடவர் ஆட்டத்தை ஆண்ட அகில இந்தியக் கூட்டமைப்பின் துணையின்றித் தனித்தே தோன்றியது. அந்த எளிய நிலையிலும் 1980இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியிலும், 1983இல் தாய்லாந்தில் நடந்த போட்டியிலும் இந்திய மகளிர் இரண்டாமிடம் பெற்றனர். வங்கத்தின் சாந்தி மல்லிக் 1983ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றார். கால்பந்துக்காக அவ்விருது பெற்ற முதற் பெண்மணி அவரே. அகில இந்தியக் கூட்டமைப்பு மகளிர் ஆட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்தது 1990களின் தொடக்கத்தில். ஆடவர்க்குத் தேசிய லீக் 1996இல் வந்தது. மகளிர்க்கு அது 2017இல் வந்தது. 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2–1 என வென்று ஆசியக் கோப்பைக்கு நம் மகளிர் தகுதி பெற்றனர். வெற்றிக்குரிய இரு கோல்களையும் போட்டவர் வங்கத்தைச் சேர்ந்த சங்கீதா பாஸ்போர்.

தமிழ்நாட்டின் நிலை நம்மவர் பலர் அறியாதது. தமிழ்நாட்டு ஆடவர் அணி, சென்னை மாகாணமாக இருந்த காலத்தையும் சேர்த்து, 2025 முடிய ஒருமுறையேனும் சந்தோஷ் கோப்பையை வென்றதில்லை. மகளிர் அணியோ 2018இல் கட்டாக் நகரில் மணிப்பூரை 2–1 என வீழ்த்தியும், 2023இல் அமிர்தசரசில் அரியானாவை அதே கணக்கில் வீழ்த்தியும் இருமுறை தேசியப் பட்டம் சூடியது. தமிழகத்தின் சேது கழகம் 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. அந்த வெற்றியணிகளில் ஒளிர்ந்தவர்களுள் ஒருவர் கடலூரின் இந்துமதி கதிரேசன். நாட்டுக்காக ஆடிக்கொண்டே தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணிபுரிந்த அவர், கொரோனாப் பெருந்தொற்றின்போது சீருடை அணிந்து தெருவில் காவல் நின்றார்.