பனிக்கட்டியும் பழுதும்: கொழும்பிலிருந்து ஒரு குறிப்பு

வெப்ப நாடுகளுக்குப் பனிக்கட்டி முதலில் கப்பலில்தான் வந்தது. அமெரிக்க வணிகர் பிரெடெரிக் டியூடர், உறைந்த ஏரிகளில் வெட்டிய கட்டிகளை 1833 இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னையில் அவற்றைச் சேமித்த 'ஐஸ் ஹவுஸ்' இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. கொழும்பில் 1866 இல் ஆர்தர் வொன் பொஸ்னர் 'கொழும்பு ஐஸ் கொம்பனி'யைத் தொடங்கினார். 'எலிபன்ட் ஹவுஸ்' என்று நாம் அழைக்கும் நிறுவனத்தின் மூலம் அதுவே.

கப்பல் பனிக்கட்டி உருகும், பழுதாகாது. இயந்திரம் வந்தபோது பழுதும் உடன் வந்தது. ஆனால் பழைய அம்மோனியா இயந்திரம் தன் நோயை மறைக்காது. கசிந்தால் மூக்கே சொல்லிவிடும். கசியும் இணைப்பருகே கந்தகத் திரியைக் கொளுத்திப் பிடித்தால் வெண்புகை எழும். கட்டி உப்புக் கரித்தால், உப்புநீர்த் தொட்டியில் அமிழ்ந்த தகரக் கலனில் ஓட்டை என்று பொருள்.

பிறகு மணமற்ற பிரியோன் வந்தது. அம்மோனியாவைப் போல் நச்சுத்தன்மை இல்லை என்று உலகம் மகிழ்ந்தது. கசிவோ, ஓசையின்றி மணமின்றி நடந்தது.

மருதானைப் பட்டறைகளில் நான் அடிக்கடி கேட்ட சொல் 'காஸ் குறைஞ்சு போச்சு' என்பது. மூடிய குழாய்ச் சுற்றில் ஓடும் காஸ், மோட்டார் வாகனத்தின் பெற்றோலைப் போலச் செலவாவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. சவர்க்கார நுரையைத் தடவிக் குமிழி தேடாமல் மீண்டும் நிரப்புவது வைத்தியமன்று.

நல்ல திருத்துநர் காஸை முதலில் தொடுவதில்லை. நீர் போதிய அளவு வருகிறதா, தட்டில் உப்புப்படிவு உண்டா, கண்டன்சரைத் தூசி மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். உறைதட்டின் ஒரு பகுதியில் மட்டும் பனி படிந்தால்தான் காஸ் குறைவையோ குழாய் அடைப்பையோ ஐயுறுவார்.

இந்த ஒழுங்கின் விலை கடைக்காரரின் பணம் மட்டுமன்று. 1985 இல் அந்தார்ட்டிக் வானில் ஓசோன் தேய்வு வெளிப்பட்டது. 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது. 1989 இல் இலங்கையும் அதில் இணைந்தது. உலகெங்கும் காரணம் தேடாமல் நிரப்பப்பட்ட ஒவ்வொரு சிலிண்டரும் வானத்தையே சென்றடைந்தது. அறிகுறியை அடக்கிவிட்டுக் காரணத்தை விட்டுவைக்கும் பழக்கம், பனிக்கட்டி இயந்திரத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள்.