குட்டையின் நிறமும் நிறமியின் அலைநீளமும்

சேலம், ஆத்தூர், ராசிபுரம் வட்டாரத்துச் சேகோ ஆலைகளில் குச்சிக்கிழங்கை அரைத்து மாவு எடுத்தபின் வெளியேறும் நீரில், படியாத மாவும் திப்பித் துகளும் கலந்திருக்கும். அது குட்டையில் தேங்கிப் புளித்து ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால், வெயில் எட்டும் மட்டத்தில் ஊதாப் பாக்டீரியாக்கள் வளரத் தோதான இடமாகிவிடும். அவை பெருகிய நீர் இளஞ்சிவப்பாகவோ செம்பழுப்பாகவோ தெரியும். அந்த நிறத்தைப் பார்த்தோ, நிறமியை மெத்தனாலில் கரைத்து அளந்தோ இவ்வுயிரிகளின் ஒளியீர்ப்பை முடிவுசெய்வது தவறு என்பது என் வாதம்.

கண்ணில் படும் சிவப்பு பெரும்பாலும் கரோட்டினாய்டுகளின் வேலை. முதன்மை நிறமியான பாக்டீரியப் பச்சையம்-ஏ வலுவாக ஈர்ப்பதோ கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பை. மேலே படர்ந்த பாசி 680 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைத் தின்றாலும், அதற்கு அப்பாலுள்ளது கீழே இறங்கும். பாக்டீரியாவுக்கு அது போதும். 700 நானோமீட்டரோடு நின்றுவிடும் சாதாரண கலரிமீட்டருக்கு இந்த அகச்சிவப்பு ஈர்ப்பின் முகடு தெரியவே தெரியாது.

மெத்தனாலில் இந்நிறமிக்கு 770-ஐ ஒட்டி ஒரே அகச்சிவப்பு முகடு. உயிருள்ள செல்லில் அதே மூலக்கூறு 800, 850, 875 என மூன்று இடங்களில் ஈர்க்கிறது. மூலக்கூறு மாறவில்லை, அக்கம்பக்கம்தான் மாறியிருக்கிறது. 1995-இல் வெளியான எல்.எச்-2 என்ற ஒளியறுவடைப் புரதத்தின் படிக அமைப்பு இதைக் காட்டியது: ஒரு வளையத்தில் 9 மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன, அவை 800-இல் ஈர்ப்பவை. இன்னொரு வளையத்தில் 18 மூலக்கூறுகள் ஏறத்தாழ 9 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன. அங்கே கிளர்ச்சி ஒற்றை மூலக்கூறில் அடங்காமல் பலவற்றில் பரவுகிறது. எக்சைட்டான் என்பது இதைத்தான். ஈர்ப்பு 850-க்கு நகர்வதில் பெரும்பங்கு இதற்கு உண்டு.

முழுப்பங்கும் இதற்கே என்பாரும் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. எல்.எச்-2 புரதத்தில் நிறமியோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொண்ட இரண்டு டைரோசின் அமினோ அமிலங்களை மாற்றிய 1992 ஆய்வில், முகடு 850-இலிருந்து 826 வரை இறங்கியது. புரதத்தின் பிடிக்கும் கணக்கில் இடம் வேண்டும்.

ஆகவே முழுச் செல்லையே அளக்க வேண்டும். சேகோ நீரில் அது லேசான வேலையல்ல: மாவுத் துகள் ஒளியைச் சிதறடித்து, அளவியில் பொய்யான ஈர்ப்பைக் காட்டும். மாவைப் படியவிட்டு, மேல்நீரிலுள்ள செல்களை மையவிலக்கியில் திரட்டி, அடர்ந்த சர்க்கரைக் கரைசலில் கலக்கினால் செல்லின் சிதறலும் குறையும்.

ரோடோசூடோமோனாஸ் பாலுஸ்ட்ரிஸ் என்ற ஊதாப் பாக்டீரிய இனம் மங்கலான ஒளியில் வளரும்போது, 800-ஐ ஒப்பிட 850 முகடு தணிந்துபோகும். குட்டையின் மேல்மட்டத்திலும் திப்பி கலங்கிய அடிமட்டத்திலும் இவ்வினத்தின் நிறமாலை வேறுபடலாம். இரண்டையும் மெத்தனாலில் போட்டால் கிடைப்பது அதே 770.