யோனாவின் கோபம்

தீர்க்கதரிசி என்றாலே சாபமிடுகிறவர் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. தாடியும் தடியுமாகப் பட்டணத்து வாசலில் வந்து நின்று, அழிவு வருகிறது என்று கூவுகிறவர். விவிலியத்தில் அப்படிப்பட்டவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால், தாம் சொன்ன அழிவு வரவில்லையே என்று கடவுளிடமே சண்டைக்குப் போனவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் யோனா.

மீன் விழுங்கிய பாகம் குழந்தைகளுக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம். நினிவேக்குப் போ என்று கட்டளை பிறந்ததும், யோனா யோப்பா துறைமுகத்துக்குப் போய் எதிர்த்திசையில் தர்ஷீசுக்குக் கப்பலேறினார். ஏன் ஓடினார்? பயந்து ஓடினார் என்று சாதாரணமாகச் சொல்வதுண்டு. அவரே சொல்லும் காரணம் வேறு. அது நாலாவது அதிகாரத்தில்தான் வெளிவருகிறது. கடவுள் இளகிய மனசுக்காரர், கடைசி நேரத்தில் மன்னித்துவிடுவார் என்பது தமக்கு முன்பே தெரியுமாம், அதனால்தான் ஓடினாராம்! கருணையில் நம்பிக்கை இல்லாமல் ஓடியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் அந்த நம்பிக்கை இருந்ததனாலேயே ஓடியவர்.

இந்தக் கோபத்தை அற்பமென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. நினிவே அசீரியரின் மாநகரம். அசீரிய மன்னர்கள் தங்கள் கொடுமைகளை மறைத்தவர்கள் அல்லர். கல்லில் வெட்டிப் பெருமை பேசியவர்கள். கி.மு. 722 வாக்கில் சமாரியா வீழ்ந்து, வட இஸ்ரவேல் ராஜ்யமே இல்லாமற் போயிற்று. கி.மு. 701-ல் சனகெரிப் யூதா நாட்டு லாகீஸ் கோட்டையைப் பிடித்து, அந்த வெற்றியை நினிவே அரண்மனைச் சுவர்களில் சிற்பமாகச் செதுக்கி வைத்தான். 19-ம் நூற்றாண்டில் லேயார்டு என்ற ஆங்கிலேயர் தோண்டியெடுத்த அந்தக் கற்பலகைகள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. கழுவேற்றப்பட்டவர்கள், தோலுரிக்கப்படுகிறவர்கள், மூட்டை முடிச்சுகளோடு மாட்டு வண்டியில் நாடு கடத்தப்படும் பெண்கள், குழந்தைகள்—எல்லாம் அதில் உண்டு.

யோனா என்ற தீர்க்கதரிசி கி.மு. 8-ம் நூற்றாண்டில், இரண்டாம் எரொபெயாம் காலத்தில் இருந்ததாக ராஜாக்களின் புத்தகம் சொல்கிறது. ஆனால் யோனாவின் பெயரிலுள்ள இந்தச் சிறு நூல் பாபிலோன் சிறைவாசத்துக்குப் பிற்பட்டது என்பது அறிஞர்களில் பெரும்பாலோர் கருத்து. நினிவே மனந்திரும்பியதாக அசீரியப் பலகைகளில் ஒரு வரியும் இல்லை. ஆகவே இது கதைதான் என்று வைத்துக்கொள்வோம். அதனால் விஷயத்தின் கனம் குறைந்துவிடவில்லை, கூடுகிறது. எழுதியவருக்குச் சமாரியாவின் கதி தெரியும். தம் ஜனங்கள் பட்டதெல்லாம் தெரியும். நினிவே கி.மு. 612-ல் பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து தாக்கியதில் மண்ணோடு மண்ணாய்ப் போனதும் தெரியும். அந்த வீழ்ச்சியைக் கண்டு குதூகலிக்கும் நாகூமின் நூல் அதே விவிலியத்தில் இருக்கிறது. நியாயமான குதூகலம்தான். இவரோ அந்த நகரத்துக்கே மன்னிப்புக் கொடுத்துப் பார்க்கிறார்.

ராஜா சிம்மாசனத்தை விட்டிறங்கிச் சாம்பலில் உட்காருகிறான். ஆடு மாடுகளுக்குக்கூட உபவாசம்! நகரம் பிழைக்கிறது. யோனா வெளியே போய் வெயிலில் உட்கார்ந்துகொண்டு, செத்தால் தேவலை என்கிறார். ஒரே ராத்திரியில் ஒரு செடி முளைத்து அவருக்கு நிழல் கொடுக்கிறது. மறுநாள் பூச்சி அரித்துப் பட்டுப்போகிறது. செடிக்காகத் துக்கப்படுகிறார். நீ நட்டு வளர்க்காத செடிக்கே இவ்வளவு பரிதாபமென்றால், வலது கை இடது கை தெரியாத லட்சத்திருபதினாயிரம் பேருக்காகவும் அத்தனை கால்நடைகளுக்காகவும் நான் பரிதபிக்கக் கூடாதா என்கிறார் கடவுள். நூல் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னாரென்று எழுதப்படவில்லை. கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்த முடிவின் மேல் பொறாமை உண்டு.

கிறிஸ்தவர்கள் இந்தக் கதையை விட்டதே இல்லை. நினிவே மக்களை இயேசுவே உதாரணம் காட்டியிருக்கிறார். ரோமாபுரியின் நிலவறைக் கல்லறைகளில் யோனா செடியின் கீழ்ப் படுத்திருக்கும் சித்திரம் பலமுறை வருகிறது. ஆனால் படித்தவர்களெல்லாம் யோனாவை விட மேலானவர்களாகிவிட்டார்களா? ஜெரோம் லத்தீனில் மொழிபெயர்க்கும்போது, பழைய பிரதியில் 'சுரை' என்றிருந்த செடியைக் 'கொடிப்படர்' வகையாக மாற்றினார். வட ஆப்பிரிக்காவில், இன்றைய திரிப்போலி இருக்குமிடத்தில், கோவிலில் அதை வாசித்ததும் பெருங் கூச்சல் எழுந்து, மேற்றிராணியார் தம் சபையையே இழக்கப் பார்த்தாராம். கி.பி. 403-ல் அகஸ்தீன் கடிதம் எழுதி ஜெரோமைக் கடிந்துகொண்டார். நகரத்தை மறந்துவிட்டுச் செடிக்காக மறுபடியும் சண்டை! தமிழ் விவிலியத்தில் அது ஆமணக்கு. நம் ஊரில் கலகம் நடந்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். யோனாவின் கல்மனத்தை யூதரின் குணமென்று காட்டிய கிறிஸ்தவ போதகர்கள் பலர். சிரியாக் மகாகவி எப்ரேமும் அதற்கு விலக்கல்ல. கதையை எழுதியவரே யூதர் என்பதை அவர்கள் மறந்தார்கள். வருஷத்தின் மிகப் புனிதமான உபவாச நாளில், மாலை வழிபாட்டில், யூதர்கள் தங்களையே சோதித்துக்கொள்ள வாசிப்பது யோனாவின் நூலைத்தான்.

சிரியாக் சபையார் பெரிய நோன்புக்கு மூன்று வாரம் முன்னதாக 'நினிவே நோன்பு' என்று மூன்று நாள் இருக்கிறார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமும் அது உண்டு. குறவிலங்காட்டில் அப்போது யோனாவின் கப்பலைத் தோளில் தூக்கி ஆட்டிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். நினிவேயின் இடிபாடுகள் கிடப்பது ஈராக்கின் மோசுல் நகரத்தில். அங்கே யோனாவின் சமாதி என்று முஸ்லிம்கள் போற்றிய மசூதியை 2014 ஜூலையில் ஐ.எஸ். கூட்டத்தார் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதே மாதம் அவ்வூர்க் கிறிஸ்தவர்களையும் விரட்டினார்கள். தங்களை அசீரியரின் சந்ததி என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் அவர்களில் உண்டு. அகதிகளாய்ச் சிதறிய இடங்களிலும் அவர்கள் இந்த நோன்பை விடவில்லை.

தங்களை விரட்டியவர்களை நினைத்துக்கொண்டு அந்த மூன்று நாளும் யோனாவை வாசிப்பது எப்படியிருக்கும்? அவர்கள் கோபப்பட்டால் குறை சொல்ல நான் யார்? ஆனால் கடைசி வரிக் கேள்வி இப்போது அவர்கள் முன்னால் வந்து நிற்கிறது. பதில் இன்னும் எழுதப்படவில்லை.