ஐஃபெல் மலையில் ஒரு மோட்டார்ப் பாடசாலை

ஜெர்மனி தேசத்தில், ரைன் நதிக்கு மேற்கே பரந்து கிடக்கும் ஐஃபெல் மலைப் பிரதேசம் மழையும் மூடுபனியும் மிகுந்தது, விளைச்சல் சுருங்கியது, நெடுங்காலம் வறுமைக்குப் பெயர் போனது. அங்கே நியூர்பர்க் என்னும் பழைய கோட்டையின் இடிபாடுகளைச் சுற்றி அமைக்கப்பெற்ற நியூர்பர்க்ரிங் பந்தயப் பாதை, புகழ் பெற்ற வீரர்களின் போட்டிகளாலேயே உலகில் பிரசித்தி அடைந்தது என்றாலும், அதன் சரித்திரத்தில் நான் மிகவும் போற்றும் அம்சம் வேறொன்று. பந்தயத்தைத் தொழிலாகக் கொள்ளாத சாமானியர் ஒருவர், உரிய கட்டணத்தைச் செலுத்திவிட்டு, தம் சொந்த வண்டியை அந்தப் பாதையில் ஓட்டிப் பார்க்கலாம் என்னும் வழக்கம் ஆரம்ப காலத்திலிருந்தே அங்கு நிலைபெற்று வந்திருப்பதுதான் அது.

முதல் மகாயுத்தத்துக்குப் பிறகு ஐஃபெல் பிரதேசத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் பொதுச் சாலைகளிலேயே நடைபெற்றன. ஊர்களினூடே செல்லும் சாலையில் அவ்வளவு வேகமாக வண்டிகள் பாய்வது ஓட்டுகிறவர்களுக்கும் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் ஒருங்கே அபாயமாயிருந்தது. ஆகவே போட்டிக்கும், புதிய கார்களைச் சோதிப்பதற்கும் உரிய நிரந்தரமான தனிப் பாதை ஒன்று வேண்டும் என்று அடேனாவ் ஜில்லாவின் நிர்வாகத் தலைவரான ஓட்டோ க்ரோய்ட்ஸ் இடைவிடாமல் முயன்றார். வேலையற்றோர்க்குப் பிழைப்பளிக்கும் நிவாரணத் திட்டமாகவும் அது உருப்பெற்றமையால், 1925ஆம் ஆண்டு செப்டம்பரில் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் உழைப்பில், இரண்டு ஆண்டுகளுக்குள் பணி நிறைவேறியது. மலையைச் சமனாக்காமல் அதன் ஏற்ற இறக்கங்களையே தழுவிச் சென்ற அப்பாதையின் மொத்த நீளம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர். அதன் உச்சிக்கும் அடிவாரத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் சுமார் 300 மீட்டர். 1927ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் தேதி மோட்டார் சைக்கிள் பந்தயங்களுடன் திறப்பு விழா நிகழ்ந்தது. மறுநாள் நடந்த கார்ப் பந்தயத்தில் ருடால்ஃப் கராச்சியோலா மெர்ஸிடிஸ் காரில் வென்றார்.

பந்தயம் இல்லாத வேளைகளில் அந்தப் பாதை, சுங்கம் செலுத்திச் செல்லும் ஒருவழிச் சாலையாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. எதிரே வண்டி வராது. குறுக்கே தெரு வந்து சேராது. ஆனால் விதிகள் உண்டு: இன்றும் பொதுமக்கள் ஓட்டும் நேரங்களில் இடப்புறமாகவே முந்த வேண்டும், பின்னால் வேகமாக வருபவருக்கு வலப்புறம் ஒதுங்கி வழிவிட வேண்டும், ஒருவரோடொருவர் பந்தயமிடவும், சுற்றுக்கு எவ்வளவு நேரமென்று கணக்கிடவும் அனுமதி இல்லை.

வேகம் வளர வளர அபாயமும் வளர்ந்தது. 1970இல், பாதுகாப்புப் போதாதென்று ஃபார்முலா ஒன் வீரர்கள் அங்கே ஓட்ட மறுத்ததால், அவ்வருஷப் போட்டி ஹாக்கன்ஹைம் பந்தயப் பாதைக்கு மாற்றப்பட்டது. இரும்புத் தடுப்புகள் நாட்டப்பட்டபின் அவர்கள் திரும்பி வந்தபோதிலும், 1976 ஆகஸ்ட் 1ஆம் தேதி நடந்த போட்டியில், அவ்வீரர்களில் ஒருவரான நிக்கி லாடாவின் கார் மோதித் தீப்பற்றியது. பின்னால் வந்த சக வீரர்கள் தங்கள் கார்களை நிறுத்திவிட்டு, நெருப்புக்குள் கைவிட்டு அவரை வெளியே இழுத்திராவிட்டால் அவர் பிழைத்திருக்க மாட்டார். அதன்பின், பாதையின் பெரும்பகுதியான வடக்கு வளையத்தில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடக்கவேயில்லை. 1984இல் அப்போட்டிகளுக்கென்று புதிய பாதை ஒன்று அருகிலேயே திறக்கப்பட, 20.8 கிலோமீட்டர் நீளத்துக்குக் குறுகிய பழைய வளையம் வேறு பந்தயங்களுக்கும், சோதனைக்கும், பழகுவோருக்கும் உரியதாக நீடித்தது.

இத்தனை நீண்ட பாதையை ஒரே மூச்சில் கற்றுக்கொள்ளுதல் யாருக்கும் இயலாது. ஆதலின், ஆசிரியர்களோடு கூடிய பயிற்சி நாட்களில் பாதையைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஒரே கூற்றில் திரும்பத் திரும்ப ஓட்டுவிப்பது முறையாயிற்று. ஸரளி வரிசை திடமாகாமல் கீர்த்தனைக்குப் போக விடாத சங்கீத சிட்சையைப் போன்ற முறை இது. முதல்முறையாக வருபவர், வந்தவுடன் வேகமாகப் பாய்வோம் என்று எதிர்பார்க்கலாகாது. முதலில் உட்காரும் விதம் திருத்தப்படும். ஜாக்கியும் தண்ணீர்ப் போத்தலும் போன்ற உருளும் பொருள்கள் வண்டியிலிருந்து அகற்றப்படும். மஞ்சள் கொடியும் சிவப்புக் கொடியும் எதைக் குறிக்கின்றன என்பது விளக்கப்படும். பின்னர் ஆசிரியரின் காரை வரிசையாகத் தொடர்ந்து சென்று, ஃப்ளூக்பிளாட்ஸ் மேட்டில் காரின் பாரம் ஒரு கணம் சக்கரங்களை விட்டு இளகுவதையும், காருஸெல் வளைவின் சரிந்த கான்க்ரீட் தளம் வண்டியை அதிரவைத்துச் சுமந்து செல்வதையும் உடம்பால் உணர்ந்து கற்க வேண்டும்.

கற்கும் தத்துவங்கள் சில. அவற்றின் விளைவுகளோ பெரிய. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகிறது. டயருக்குள்ள பிடிப்பு ஓர் அளவினது. அதை பிரேக்குக்கே முழுவதும் செலவிட்டவருக்கு வளைவதற்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆதலால் நேர்ப்பாதையிலேயே வேகத்தைத் தணித்து, வளைவின் உள்விளிம்பைத் தொட்டு, வெளியேறும் திசையைக் கண்ணால் முன்கூட்டியே பற்றிக்கொண்ட பிறகே முடுக்க வேண்டும். வளைவின் நடுவே அஞ்சி ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால், பாரம் முன்னே சாய, பின்சக்கரங்கள் பிடிப்பிழந்து வண்டி சுழலவும் கூடும். ஈரம் ஏறிய பழைய பிரேக் ஆயில் உஷ்ணத்தில் கொதித்தால் பெடல் வலுவிழந்து அமுங்கிப் போகும். ஆகவே அதைப் புதிதாக மாற்றிக்கொண்டு வருவதும், கடைசிச் சுற்றில் நிதானமாக ஓட்டிப் பிரேக்கைக் குளிரச் செய்வதும் கடமைகளாம். இரும்புத் தடுப்பைச் சேதப்படுத்தினால் பழுதுபார்க்கும் செலவு ஓட்டியவரையே சாரும் என்பதையும் முன்பே அறிந்திருத்தல் நன்று.

முதல் பயிற்சி நாளுக்குச் செல்ல விரும்புவோர் உயர்ந்த காரைத் தேடி அலையாமல் நல்ல ஆசிரியரைத் தேடுவார்களாக. தம் வண்டியின் எல்லையையும் தம் திறமையின் எல்லையையும் அறியாதவரே சாலையில் பிறருக்கு அபாயமாகிறார். அந்த எல்லைகளைப் பொதுச் சாலையில் சோதித்தால் ஈடுசெய்ய இயலாத இழப்பு யாரோ ஒருவருக்கு நேரும். அதற்கெனவே அமைந்த இடத்தில், விதிக்கு உட்பட்டு, வழிகாட்டி ஒருவரின் துணையோடு அவற்றை அறிய ஒரு சாமானியனுக்கும் உரிமை தந்திருப்பதாலேயே இவ்வழக்கம் பேணிக் காக்கத் தகுந்ததாகிறது.