பிளிம்சால் கோடு

சரக்குக் கப்பலின் விலாவில், நடுவாக்கில், ஒரு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும் இருக்கும். கப்பல்காரர்கள் வாயில் அதன் பெயர் பிளிம்சால். சாமுவேல் பிளிம்சால் நிலக்கரி வியாபாரி. 1868இல் டார்பி தொகுதியிலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போனவர். காப்பீட்டுப் பணம் இருக்கும் தைரியத்தில், அளவு மீறிப் பாரம் ஏற்றி அனுப்பப்பட்ட கப்பல்களுக்கு அன்று 'சவப்பெட்டிக் கப்பல்' என்றே பெயர். அவற்றை எதிர்த்து 1873இல் புத்தகம் எழுதினார். 1875 ஜூலையில், இதைத் தடுப்பதற்கான மசோதாவை அரசு கைவிட்டபோது அவையிலேயே கொதித்தெழுந்தார். மறுவருடம், பாரத்தின் எல்லையைக் காட்டும் கோட்டைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. ஆனால் கோட்டை எந்த உயரத்தில் போடுவது என்பதை முதலாளியின் இஷ்டத்துக்கே விட்டுவிட்டது! 1890 வரை அந்த ஓட்டை அடைபடவில்லை. மாலுமிகளுக்குச் செய்த பெருந்துரோகம் அது.

பிரிட்டனில் ரப்பர் அடி வைத்த கேன்வாஸ் காலணிக்கும் இதே பெயர். ஓரத்து ரப்பர் பட்டை கப்பல் கோட்டை நினைவூட்டியதால் வந்தது என்பார்கள்.

பெயர் ஒன்றாகவே இருக்க, கோடு பலவானது. வட்டத்துக்குப் பக்கத்தில் ஏணிப்படிபோலக் குறுங்கோடுகள்: கோடைக் கடலுக்கு 'எஸ்', குளிர்காலத்துக்கு 'டபிள்யூ', நன்னீருக்கு 'எஃப்'. 'எஃப்' இருப்பது 'எஸ்'ஸுக்கு மேலே. மிதக்கும் கப்பல் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது. கடல்நீர் கனமீட்டருக்குச் சுமார் 1025 கிலோ, நன்னீர் 1000. நீர் லேசானால் அதிகக் கனஅளவு நீரை விலக்க வேண்டும், அதனால் கப்பல் இன்னும் இறங்கும். சரக்கோடு 20,000 டன் எடையுள்ள, ஒரு சென்டிமீட்டர் அமிழ 25 டன் பிடிக்கும் கப்பல், நன்னீரில் 20 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும். கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றுநீரில் கோடு முங்கப் பாரம் ஏற்றிய கப்பல், வங்காள விரிகுடா வந்ததும் தானாக எழும்பிவிடும்.

முகத்துவார நீர் இரண்டுங்கெட்டான். அங்கே தலைமை அதிகாரி கப்பலோரம் வாளியை இறக்கி நீர் மொண்டு, அடர்த்திமானியை மிதக்கவிட்டுப் பார்ப்பார். 1010 காட்டினால் அதே கப்பல் கூடுதலாக அமிழ அனுமதி 12 சென்டிமீட்டர்தான். சாக்கடை விழும் இடத்தில் மொண்டால் கணக்கே தப்பிவிடும் என்பதால், கப்பலின் இரு பக்கமும் வேறுவேறு ஆழத்தில் மொண்டு பார்ப்பவரே நல்ல அதிகாரி.